பேத்தி கைக்கு ரெண்டு மார்க்கு

பேஸ்பாலுன்னு ஒரு வெளாட்டு உலகத்துல இருக்குன்னு எனக்குத் தெரியாது. எம் மவ வயித்துப் பேத்தி அதுல போயி விழுந்த பொறவுதான் தெரியும். கிரிக்கெட்டு மாதிரிதானேன்னு கேட்டா அவளுக்குக் கோவம் வந்துரும். "தாத்தா, அதுல பந்து தரையில குத்தி வரும். இதுல குத்தப்பிடாது, நேரா வரணும்"பா. கொஞ்சம் மண்ணக் குவிச்சு மேடு மாதிரி வச்சிருப்பாவ. அதுமேல ஒரு பிள்ள ஏறி நிக்கும். எதுத்தாப்புல ஒருத்தி உருட்டுக்கட்டையோட நிப்பா. அவளுக்குப் பொறத்தால இன்னொருத்தி பெரிய தோல் கையுறைய மாட்டிக்கிட்டுக் குத்தவச்சிருப்பா. மேட்டுல நிக்குதவ எறியணும், கட்டக்காரி அடிக்கதுக்கு முன்னால பந்து கையுறைக்குள்ள போயி விழணும். எனக்கு வெளங்குனது இம்புட்டுத்தான். எறியுத பிள்ளைக்கு பிச்சருன்னு பேரு. எங்க பேத்தி பிச்சர்.

நான் பள்ளிக்கூடம் போகாதவன். நான் சொல்லச் சொல்ல எம் மவதான் எழுதுதா. நடுவுல நடுவுல, "யப்பா, நேரா போங்க, வழியில எறங்காதீங்க"ங்கா. நான் என்ன பாயிண்ட் டூ பாயிண்ட் பஸ்ஸா நேரா போறதுக்கு? எல்லா ஸ்டாப்புலயும் நின்னுதான் வருவேன்.

எங்க ஊரு ஏரலுக்குக் கீழ, ஆத்த ஒட்டி இருக்கு. ஒரு பக்கம் வாழ, ஒரு பக்கம் நெல்லு. எனக்கு வயலும் கெடையாது, வாழையும் கெடையாது. ஆயுசு பூரா மாட்டுத் தரகு பாத்தேன். மேலப்பாளையம் சந்தைக்குப் போறதும் வாறதுமாவே காலம் ஓடிட்டு. இப்ப முட்டியில வலி, வீட்டோட கெடக்கேன். அதுக்காவ எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. மாட்டு மூத்திரத்துல நின்னு நின்னு குதிங்காலு வெடிச்ச ஆளு நான். ஃபேனுக்குக் கீழ உக்காந்து காப்பி குடிக்கது நல்லாத்தான் இருக்கு.

பேத்தி எறிய ஆரம்பிச்சதப் பத்தி எங்க வீட்டுல ஒரு கத சொல்லுவாவ. நெல்லுக்கு மயிலு எறங்குது பாத்துக்கிடுங்க. முன்னால இல்லாத தொந்தரவு. இப்ப கோழி மாதிரி கூட்டம் கூட்டமா வந்து கதிரக் கொத்திப் போட்டுட்டுப் போவுது. அதுகள அடிக்கவும் பிடாது, கேஸு ஆயிரும். அதனால மண்ணாங்கட்டிய மயிலுக்குப் பக்கத்துல விழுத மாதிரி எறிஞ்சு வெரட்டணும். மேல படப்பிடாது, ஆனா அது பயப்படணும். பக்கத்து வயக்காரரு எங்க பேத்திய கூப்பிட்டு எறியச் சொல்லுவாரு. அப்படித்தான் அவ கை பழகுச்சுன்னு எம் மவ ஊரெல்லாம் சொல்லிட்டா. பிள்ள அத ஒத்துக்கிட மாட்டா. "மயிலும் இல்ல ஒண்ணும் இல்ல. பி.டி. டீச்சர் ஒரு வருசமா வெயில்ல நிக்க வச்சு எறிய வச்சாவ. அதச் சொல்ல மாட்டேங்கிய"ம்பா. அவ சொல்லுததுதான் நெசம். ஆனா மயிலு கததான் கேக்க நல்லாருக்கு.

மருமவன் காயல்பட்டினத்துல ஒரு முதலாளிகிட்ட வேன் ஓட்டுதாரு. ஞாயித்துக்கிழமதான் வீட்டுக்கு வருவாரு. நல்ல மனுசன், அதிர்ந்து பேசத் தெரியாது. பேத்தி பத்தாப்பு எழுதி முடிச்ச சமயம், வெளியூருல ஒரு வெளாட்டு விடுதிக்கு ஆளு எடுக்காவ, பாளையங்கோட்டை கிரவுண்டுல வச்சு எறியச் சொல்லிப் பாப்பாவன்னு டீச்சர் வந்து தாக்கல் சொன்னாவ. எடுத்துட்டாவன்னா அங்கனயே தங்கி பதினொண்ணும் பன்னெண்டும் படிக்கலாம், வெளாட்டும் சொல்லிக் குடுப்பாவ. மருமவன் சோத்தப் பிசைஞ்சுக்கிட்டே சொன்னாரு.

"மாமா, இந்த ஒரு தடவதான். எடுத்தாவன்னா போகட்டும், நான் தடுக்கல. எடுக்கலன்னா கையுறையப் பரண்ல தூக்கிப் போட்டுட்டு படிக்க வழியப் பாக்கட்டும். அங்க மேச்சு, இங்க மேச்சுன்னு பொம்பளப் பிள்ளைய எத்தன வருசம் பஸ்ஸு ஏத்திவிட?"

பேத்தி சரிப்பான்னு சொல்லிட்டு தட்டக் கழுவப் போயிட்டா. அப்பமே எனக்குத் தெரியும், இது அவளுக்கு உசுரு போற காரியம். சண்ட போடுத பிள்ள சும்மா சரின்னு சொல்லிட்டுப் போவுதுன்னா வேற என்ன அர்த்தம்?

இதுக்கு நடுவுலதான் நான் ஒண்ணக் கண்டேன். பிள்ள தல சீவும்போது சீப்ப எடக்கைக்கு மாத்துதா. தண்ணிக் கொடம் எப்பவும் வலது இடுப்புல இருக்கும், அது எடது இடுப்புக்குப் போயிட்டு. கொடியில துணி போடும்போது சோத்துக்கை தோளுக்கு மேல ஏற மாட்டேங்குது, முட்டங்கைய அமுக்கிப் பிடிச்சுக்கிடுதா. மாட்டுல இத 'தாங்குதது'ன்னு சொல்லுவோம். ஒரு கால்ல நோவு இருந்தா அதுல பாரம் குடுக்காம மத்த மூணுலயும் தாங்கித் தாங்கிப் போவும். அத மறைக்கத் தெரியாது மாட்டுக்கு. இவ மறைச்சா. நான் பாக்கேன்னு தெரிஞ்சா சட்டுன்னு சோத்துக்கையால கொடத்தத் தூக்குவா, முகத்துல ஒண்ணும் காட்ட மாட்டா.

நான் கேக்கல. கேட்டா அவ இல்லன்னு சொல்லணும், இல்ல உண்டுன்னு சொல்லணும். உண்டுன்னு சொல்லிட்டா நான் மவகிட்ட சொல்லணும், மவ மருமவன்கிட்ட சொல்லணும், அதோட கையுறை பரணுக்குப் போயிரும். அதனால வாயப் பொத்திக்கிட்டு இருந்தேன்.

பாளையங்கோட்டைக்குப் போற அன்னைக்கு எம் மவளுக்கு அங்கன்வாடியில லீவு குடுக்கல. தொணைக்கு நான்தான் போவணும்னு ஆயிட்டு. வாசல்ல நின்னு சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கிட்டு இருக்கேன், மவ பக்கத்துல வந்து கொரலத் தாழ்த்திச் சொல்லுதா.

"யப்பா, அங்கன போயி சும்மா உக்காந்திருங்க. வாயத் தொறக்காதீங்க."

"நான் எதுக்கு வாயத் தொறக்கேன்? எனக்கு அந்த வெளாட்டப் பத்தி என்ன தெரியும்?"

"வெளாட்டப் பத்திச் சொல்லல."

அப்பம்தான் இவளும் கண்டிருக்கான்னு வெளங்குச்சு. ஒரே வீட்டுல ரெண்டு பேரும் ஒரே விசயத்தப் பாத்துக்கிட்டு, ஒருத்தருக்கொருத்தர் சொல்லாம இருந்திருக்கோம்.

ஏரல்ல பஸ்ஸு ஏறி வண்ணார்பேட்டையில எறங்கி அடுத்த பஸ்ஸு பிடிச்சோம். வண்ணார்பேட்டையில எறங்குனா எனக்கு எப்பவும் கோட்டி பிடிக்கும். எந்தப் பஸ்ஸு எங்கன நிக்கும்னு ஒருத்தனுக்கும் தெரியாது, ஆனா எல்லாவனும் ஓடுவான். பேத்தி எங்கையப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போனா. எடக்கையாலதான் பிடிச்சிருந்தா.

கிரவுண்டுல டீச்சர் முன்னாலயே வந்து நிக்காவ. நாலஞ்சு ஊருல இருந்து பிள்ளையள் வந்திருக்கு. கூட வந்தவங்கள எல்லாம் வேப்பமரத்து நெழல்ல உக்காரச் சொல்லிட்டாவ. எனக்குப் பக்கத்துல ஸ்ரீவைகுண்டத்து வாழ மண்டிக்காரரு ஒருத்தரு. தம்பி மவளக் கூட்டிட்டு வந்திருக்காரு. என்னய விட வயசு கம்மிதான், ஆனா வாயி பெருசு.

"அண்ணாச்சிக்கு எந்த ஊரு?"

சொன்னேன்.

"எந்தப் பிள்ள உங்களுக்கு?"

காட்டினேன்.

"அந்த ஒல்லி ஒடக்கானா? காத்தடிச்சா விழுந்துருமே வே. சோறு கீறு போடுதியளா?"

"எல்லாம் போடுதோம். நீரு காட்டும் உம்ம பிள்ளைய."

காட்டினாரு. நெசமாவே வாட்ட சாட்டமான பிள்ள. தோளும் தொடையும் உருட்டித் தெரட்டி வச்ச மாதிரி, நிக்க நெலையே உறுதியா இருந்துச்சு. மாடா இருந்தா கண்ண மூடிக்கிட்டு வெல பேசலாம்.

எடுக்க வந்தவரு ஒரே ஆளு. வெளியூர்க்காரரு, நம்ம பேச்சு இல்ல. தொப்பி போட்டிருந்தாரு, கழுத்துல விசில். கையில துப்பாக்கி மாதிரி ஒண்ணு வச்சிருந்தாரு. பிள்ளையள் எறியும்போது அத நீட்டுதாரு. எனக்குத் திக்குன்னு ஆயிட்டு. மண்டிக்காரரு சிரிக்காரு. "பயப்படாதியும் வே. நாலுவழிச் சாலையில போலீசுக்காரன் நீட்டுவான்லா, வண்டி எம்புட்டு வேகத்துல போவுதுன்னு. அதேதான். பந்து வேகத்துக்கு."

அவருதான் எனக்கு ஒவ்வொண்ணா வெளக்கிக்கிட்டு இருந்தாரு. அம்புட்டும் சரியான்னு தெரியாது, ஆனா ஒரு எடத்துலயும் தடுமாறல.

அந்த சார் பாத்த விதத்தப் பாத்து நான் அசந்துட்டேன். மொதல்ல பந்தையே பாக்கல. பிள்ளையள் நடந்து வாரதப் பாக்காரு. பொறத்தால போயி நின்னு குதிங்காலப் பாக்காரு. ஒருத்திய கூப்பிட்டு வெரலு நீளத்தப் பாத்தாரு. பொறவு எங்க பக்கம் வந்து, ஒவ்வொருத்தர்கிட்டயும் இவ அம்மா என்ன உயரம், அப்பா என்ன உயரம்னு கேட்டாரு. எங்கிட்ட வந்தப்ப, "அவ அப்பன் வாச நெலையில குனிஞ்சுதான் வருவாரு சார்"ன்னேன். தலைய ஆட்டிட்டுப் போனாரு. கிடேரிக் கன்னு வாங்க வாரவன் தாய்ப்பசுவக் காட்டுங்கன்னு கேப்பான். அதே சோலிதான் இதுன்னு எனக்குத் தோணிட்டு. அதுக்குப் பொறவு கொஞ்சம் தைரியமா உக்காந்தேன். நமக்குத் தெரிஞ்ச எடத்துக்கு வந்துட்ட மாதிரி.

அந்தத் தைரியம்தான் என்னைய ஏமாத்துச்சு. சந்தையில ஒரு வழக்கம் உண்டு. வாங்கப் போறவன் புகழ மாட்டான். கொம்பு கோணல், வாலு கட்ட, நட சரியில்லன்னு கொற சொல்லிக்கிட்டே இருந்தா அவன் வாங்கப் போறான்னு அர்த்தம். "ஆகா, நல்ல மாடு"ன்னு தட்டிக் குடுக்கவன் காப்பி குடிக்கப் போயிருவான், திரும்பி வர மாட்டான். மண்டிக்காரரு பிள்ள எறிஞ்சா. கையுறையில விழுத சத்தம் எங்களுக்குக் கேட்டுச்சு, பட்டு பட்டுன்னு. சார், "குட், குட்"ன்னாரு. எனக்குச் சந்தோசம். சரி, இவள எடுக்கப் போறதில்லன்னு நெனச்சேன்.

எங்க பிள்ள எறிஞ்சா. ரெண்டு பந்து வெளிய போச்சு. ஒண்ணு தரையில குத்திட்டு. சார் கிட்டப் போயி கொற சொல்ல ஆரம்பிச்சாரு. காலு முந்தி எறங்குது, தல ஒரு பக்கம் சாயுது, பந்து விடுத எடம் ஒவ்வொரு தடவையும் மாறுதுன்னு. நான் மண்டிக்காரருகிட்ட மெதுவாச் சொன்னேன், "எடுத்துருவாரு"ன்னு.

"என்ன வே சொல்லுதீரு? அம்புட்டும் கொறையால்லா சொல்லிக்கிட்டு இருக்காரு."

"அதாம் சொல்லுதேன்."

அவரு என்னைய ஏற எறங்கப் பாத்தாரு. "அண்ணாச்சி, இது மாட்டுச் சந்த இல்ல. அந்த மனுசன் கொற சொன்னா கொறதான்."

அதக் கேட்டதும் எனக்குச் சப்புன்னு போயிட்டு. நெசந்தானே. அவருக்கு வெல பேச என்ன இருக்கு? கொற சொல்லி வெலையக் கொறைக்க அவரு என்ன மாடா வாங்குதாரு? இம்புட்டு வயசுக்கு இது எனக்குத் தோணல பாருங்க. கன்னு பாக்குததுலயும் நான் ஒண்ணும் பெரிய கெட்டிக்காரன் இல்ல. ஒருக்கா, மேல ராஜ சுழி இருக்கு, யோகம்னு ஒரு காளங்கன்ன வெவசாயம் பாக்குத சம்சாரி ஒருத்தருக்கு வாங்கிக் குடுத்தேன். வளந்து, வைக்கப்படப்பத் திங்கதுல மட்டும்தான் ராஜாவா இருந்துச்சு. அந்த சம்சாரி சாவுத வரைக்கும் என்னையப் பாத்தா, "ராஜா சௌக்கியமா?"ன்னு கேப்பாரு.

பேத்தி இன்னும் கொஞ்சம் எறிஞ்சா. கடைசியில ஒரு பந்து போட்டா பாருங்க. நேரா வந்துக்கிட்டே இருந்த பந்து, கட்டக்காரிகிட்ட வந்ததும் படி எறங்குத மாதிரி கீழ எறங்குச்சு. அந்தப் பிள்ள காத்துல கட்டைய வீசிட்டு முழிக்கா. மண்டிக்காரரு, "சவம், இது எங்கிட்டுப் போச்சு?"ன்னு எந்திரிச்சே நின்னுட்டாரு. சார் விசில வாயில வச்சவரு ஊதாம நின்னுக்கிட்டு இருந்தாரு.

பொறவு பிள்ளையோட மணிக்கட்டப் பிடிச்சு எங்க மரத்தடிக்கே கூட்டிக்கிட்டு வந்தாரு. டீச்சரும் கூடவே ஓடி வந்தாவ.

"இந்தப் பொண்ணு கூட வந்தது நீங்கதானே?"

"ஆமா சார். தாத்தா. அம்மையப் பெத்தவன்."

"கையில எங்கயாவது வலி இருக்கா இவளுக்கு?"

டீச்சர் முந்திக்கிட்டாவ. "இல்ல சார், நல்லா இருக்கா. தெனமும் நான் பாக்கேன்லா."

"மேடம், நான் தாத்தாகிட்ட கேட்டேன்."

பிள்ள என்னையப் பாத்தா. அந்தப் பார்வைய எப்படிச் சொல்ல? கெஞ்சுதா, மெரட்டுதா, ரெண்டும் இருந்துச்சு. அவரு இன்னும் அவ மணிக்கட்ட விடல.

எங்க சந்தையில ஒரு முறை உண்டு. கண்ணுக்குத் தெரியுத பழுதுக்கு வாங்குதவந்தான் பொறுப்பு. ஒத்தக் கொம்பு மாட்ட வாங்கிட்டுப் போயி மறுநாளு வந்து கேக்க முடியாது. ஆனா கண்ணுக்குத் தெரியாத பழுது இருக்குல்லா, நுகத்தடியில பூட்டுனா படுத்துக்கிடும், கறக்கப் போனா ஒதைக்கும், அத நாங்களா வாயத் தொறந்து சொல்ல மாட்டோம். வாங்குதவன் கயித்தக் கையில பிடிச்சுக்கிட்டு "பழுது உண்டா?"ன்னு கேட்டுட்டான்னா மறைக்கப்பிடாது. மறைச்சது தெரிஞ்சா சந்தையில நம்மகிட்ட ஒருத்தன் மாட்டுக் கயித்த நம்பிக் குடுக்க மாட்டான். அதுல சாதி மதம், சொந்தக்காரன் அசலூர்க்காரன் எதுவும் கெடையாது. பொய்யி நூறு சொல்லுவோம், வயசக் கொறைப்போம், பால ஏத்துவோம். அந்த ஒரு கேள்விக்கு மட்டும் பொய்யி கெடையாது.

மவ சொன்னது காதுல கேட்டுக்கிட்டேதான் இருந்துச்சு. மருமவன் முகமும் பரணும் ஞாவத்துக்கு வந்துச்சு. ஆனா நாக்கு பழகுன பழக்கம் வேற.

"உண்டு சார். முட்டங்கையில. கொஞ்ச நாளா எடக்கையாலதான் எல்லாம் செய்யுதா"ன்னுட்டேன்.

பிள்ள கைய உதறிட்டு விறுவிறுன்னு குழாயடிக்குப் போயிட்டா. டீச்சர், "என்ன தாத்தா நீங்க"ன்னு தலையில அடிச்சுக்கிட்டே அவ பொறத்தால போனாவ. சார் அடுத்த பிள்ளையப் பாக்கப் போயிட்டாரு.

மண்டிக்காரரு ஒரு வாழப்பழத்தப் பிச்சு எங்கையில குடுத்தாரு. "தின்னும் வே"ன்னாரு. நான் அதக் கையில வச்சுக்கிட்டே இருந்தேன். மவ ஃபோன் பண்ணுதா. எடுக்கல. திரும்பவும் அடிக்கா. எடுத்து, "இன்னும் நடக்கு"ன்னு சொல்லி வச்சுட்டேன். சொன்னதுல பொய்யி ஒண்ணும் இல்ல.

அங்கன உக்காந்திருந்த நேரத்துல எனக்கு ரெண்டு மனசாத்தான் இருந்துச்சு. ஒரு மனசு, பிள்ள வாழ்க்கைய நாசம் பண்ணிட்டியேலே பாவின்னு சொல்லுது. இன்னொரு மனசு, வலியோட அனுப்பி அங்கன கேக்க ஆளில்லாம கை ஒரேயடியாப் போனா என்னலே செய்வன்னு கேக்கு. வெயில் மரத்துக்கு அந்தப் பக்கம் போயிட்டு. நான் நகந்து உக்காரக்கூட இல்ல.

எல்லாப் பிள்ளையளும் எறிஞ்சு முடிச்ச பொறவு சார் எங்கள மட்டும் கூப்பிட்டாரு. டீச்சர், பிள்ள, நான். பிள்ள எம் பக்கம் திரும்பவே இல்ல. அவரு அவ முட்டங்கைய மெதுவாப் பிடிச்சு, உள்பக்கம் ஒரு எடத்துல வெரல வச்சு அமுக்கினாரு. அவ கண்ணு கலங்கிட்டு.

"எத்தன நாளா?"

"லீவு விட்டதுல இருந்து சார்."

"வீட்ல ஏன் சொல்லல?"

"சொன்னா எறிய விட மாட்டாவ."

அவரு சிரிச்சாரு. பொறவு எனக்குப் புரியுத மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னாரு. "தாத்தா, நான் ஒவ்வொரு பொண்ணுக்கும் ரெண்டு மார்க் போடுவேன். இன்னைக்கு எப்படிப் போடுறா, அது ஒண்ணு. வளந்து முடிச்சப்புறம் எப்படிப் போடுவா, அது ஒண்ணு. அதோ அந்தப் பொண்ணு," மண்டிக்காரரு பிள்ளையக் காட்டுதாரு, "இன்னைக்கு இங்க அவதான் முதல். நல்லாப் போடுறா. ஆனா அவ வளர்த்தி ஏறக்குறைய முடிஞ்சிருச்சு, வேகம் இனிமே கொஞ்சந்தான் கூடும். உங்க பொண்ணுக்கு இன்னைக்கு மார்க் கம்மி. பந்து சொன்ன எடத்துக்குப் போகல. ஆனா கை சுத்துற விதம் யாரும் சொல்லிக் குடுத்து வர்றதில்ல. இன்னும் உயரம் வரும், தோள் வரும். அந்தக் கடைசிப் பந்த இந்த வயசுல போடுறவங்க எனக்கு அடிக்கடி கெடைக்க மாட்டாங்க. இவளுக்கு ரெண்டாவது மார்க்தான் பெருசு. ரெண்டு பேரையும் எடுத்துக்கிறேன்."

எனக்குச் சரியாக் கேக்குதான்னே சந்தேகம். "அப்ப கை சார்?"

"கை வலிக்குதுன்னு எனக்கு அப்பவே தெரியும். நாலு பந்து போட்டதும் முட்டங்கை கீழ எறங்க ஆரம்பிச்சிருச்சு. அதனாலதான் பந்து வெளிய போச்சு."

"தெரிஞ்சுக்கிட்டு எதுக்கு சார் எங்கிட்ட கேட்டிய?"

"நீங்க சொல்றீங்களான்னு பாக்கத்தான். வலிய மறைக்காத பிள்ளையே கெடையாது. அத நான் தப்பா எடுத்துக்கிறதில்ல. ஆனா வீட்டுல உள்ளவங்களும் சேந்து மறைச்சா நான் ஒண்ணும் பண்ண முடியாது. லீவுல வீட்டுக்கு வருவா, அங்க யாராவது ஒருத்தர் எனக்கு உண்மையச் சொல்லணும். இல்லன்னா எனக்குத் தெரியவரும்போது கை போயிருக்கும். அப்படி நல்ல கை ஒண்ணு ரெண்டு போறத நான் பாத்திருக்கேன்."

பொறவு டீச்சர்கிட்ட சொன்னாரு. டாக்டர்கிட்ட காட்டணும், பொங்கல் வரைக்கும் ஒரு பந்துகூட எறியப்பிடாது, ஓடட்டும், பிடிக்கட்டும், வேற பயிற்சி செய்யட்டும், அதுக்குச் சம்மதம்னா சேத்துக்கிடுதேன்னு. டீச்சர் சம்மதம் சார், சம்மதம் சார்னு சொல்லிக்கிட்டே இருந்தாவ. பிள்ளையப் பாத்து, "நீ என்ன சொல்ற?"ன்னு கேட்டாரு. அவ தலைய மட்டும் ஆட்டுனா.

நான் மரத்தடிக்கு வந்து உக்காந்தேன். மண்டிக்காரரு, "என்ன வே ஆச்சு?"ன்னாரு. ரெண்டு பேரையும் எடுத்தாச்சுன்னேன். "பெறவு எதுக்கு எழவு வீட்டுல உக்காந்தவன் மாதிரி உக்காந்திருக்கீரு? அந்தப் பழத்த இப்பமாவது தின்னும், கையிலயே கூழாக்கிட்டீரு"ன்னாரு. தின்னேன். அம்புட்டு ருசியா ஒரு பழம் நான் தின்னது கெடையாது.

திரும்பி வரும்போது பஸ்ஸுல பேத்தி எங்கூடப் பேசல. கோவமில்ல, அது எனக்குத் தெரியும். ஆனா ஒடனே பேசுனா அவ மானம் என்னத்துக்கு ஆவும்? ஸ்ரீவைகுண்டம் தாண்டி பஸ்ஸு ஆத்துப் பாலத்துல ஏறுதப்ப சொல்லுதா.

"தாத்தா, அவரு எடுக்கலன்னா உங்கள நான் என்ன செஞ்சிருப்பேன் தெரியுமா?"

"என்னட்டி செஞ்சிருப்ப?"

"தெரியல. யோசிச்சுக்கிட்டே வாரேன்."

வீட்டுக்கு வந்து நடந்ததப் பூரா சொன்னேன். மவ மொதல்ல என்னையத் திட்டுனா, பொறவு அழுதா, பொறவு பிள்ளையப் பிடிச்சு உக்கார வச்சு முட்டங்கையத் தொட்டுத் தொட்டுப் பாத்தா. நானும் கண்டேன், அவளும் கண்டா, பிள்ளையும் மறைச்சா, மூணு பேரும் அன்னைக்குத்தான் அந்தக் கையப் பத்தி வாயத் தொறந்து பேசுனோம். வீடே கொஞ்சம் பெருசான மாதிரி இருந்துச்சு.

ஞாயித்துக்கிழம மருமவன் வந்தாரு. எல்லாத்தயும் கேட்டுட்டு அவருக்கு ஒரு சந்தேகம்.

"எறியவே பிடாதுன்னு சொல்லுத ஆளு, எறியுததுக்குன்னு எதுக்கு மாமா எடுத்தாரு?"

"கன்னு வாங்குதவன் அன்னைக்கே ஏருல பூட்டுததுக்கா மாப்ளே வாங்குதான்?"ன்னேன்.

எந்திரிச்சுப் போயி அவருதான் பிள்ளைக்குப் பெட்டி வாங்கிட்டு வந்தாரு. நல்ல பெரிய பெட்டி. அதுக்குள்ள பிள்ளையவே வைக்கலாம்.

டாக்டரு, எலும்புக்கு ஒண்ணும் இல்ல, ஓய்வு குடுத்தாப் போதும்னு சொல்லிட்டாரு. விடுதிக்குப் போறதுக்கு முன்னால வீட்டுல இருந்த மிச்ச நாளெல்லாம் பேத்தி எங்கள ஒரு வழி பண்ணிட்டா. இங்கன இழுக்கு, அங்கன பிடிக்கு, கழுத்துல என்னமோ செய்யுதுன்னு ஒண்ணு விடாம சொல்லிக்கிட்டே இருந்தா. கொடம் தூக்கச் சொன்னா, "சார் வலிய மறைக்கப்பிடாதுன்னு சொல்லியிருக்காரு"ம்பா. எம் மவளுக்குக் கோவம் வரும். எனக்கு வராது. சொல்லட்டும்னு கேட்டுக்கிட்டு இருந்தேன்.

பொங்கலுக்கு வந்துட்டுப் போனா. போன வாரம் விடுதியில இருந்து ஃபோன்ல பேசுனா. சாம்பாரு தண்ணியா இருக்கு, கூடத் தங்கியிருக்க மண்டிக்காரரு வீட்டுப் பிள்ள கொறட்ட விடுதா, இங்கிலீசு டீச்சர் நல்லவங்க, அப்படி இப்படின்னு மூச்சு விடாமப் பேசிக்கிட்டே போறா. எறிய ஆரம்பிச்சிட்டாளான்னு கேட்டேன். ஒரு வாரமா பையப் பைய எறியுதாளாம், சார் பக்கத்துலயே நிக்காராம்.

"கை எப்படிட்டி இருக்கு?"ன்னேன்.

"எந்தக் கை? எனக்கே மறந்துட்டு தாத்தா"ன்னு சிரிச்சா.